ஊருக்கெல்லாம் ஓர் அவுக

செங்காட்டூரில் பீடி சுற்றும் பொம்பளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுப்பது என்று டவுணில் உள்ள ஒரு சங்கம் முடிவு செய்தபோது எதற்கு என்று ஊரில் ஒருத்தரும் கேட்கவில்லை, ஏனென்றால் அதே சங்கம்தான் ஒரு வருஷம் மரம் நட்டது, இன்னொரு வருஷம் கண் பார்த்து, தேவைப்பட்டவர்களுக்கும் தேவைப்படாதவர்களுக்கும் ஒரே மாதிரிக் கண்ணாடி கொடுத்தது, மரமும் பட்டுப்போய்க் கண்ணாடியும் உடைந்தபிறகு அடுத்தது இங்கிலீஷ்தானே, அது வந்துவிட்டது, வருகிறதை வேண்டாம் என்று சொல்வதற்கும் உடம்பில் கொஞ்சம் தெம்பு வேண்டுமே.

சாயங்காலம் பீடிக்கடையில் கட்டுகளைப் போட்டுவிட்டு, மறுநாளைக்கு உள்ள இலையையும் தூளையும் வாங்கிக்கொண்டு நேரே சமுதாய நலக்கூடத்துக்கு வந்து, இலையும் தூளும் கொட்டின முறத்தை, அவர்கள் சொல்லுகிற சுளவை, மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்காருவார்கள், கை பாட்டுக்குச் சுற்றும், வாய் பாட்டுக்கு இங்கிலீஷ் சொல்லும். சொல்லிக்கொடுக்க வந்தவள் ஜெபசீலி டீச்சர். காலையிலிருந்து ஒரு பள்ளிக்கூடத்தில் நின்றுகொண்டே கத்திவிட்டு, பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து, இங்கே வந்தும் நிற்பாள். தொண்டையில் முக்கால்வாசியைப் பள்ளிக்கூடமே எடுத்துக்கொள்ளும், மிச்சம் இருப்பதுதான் செங்காட்டூருக்கு. பொம்பளைகளுக்கு அவள்மேல் பாவம், அவளுக்குப் பொம்பளைகள்மேல் பாவம், இப்படி ஒருத்தரைப் பார்த்து ஒருத்தர் பாவப்பட்டுக்கொண்டே வகுப்பு ஓடியது.

பிரம்மசக்தி அங்கே போனது இங்கிலீஷுக்காக இல்லை, ஃபேனுக்காக. வீட்டில் இருந்தால் யாராவது வந்து அதைத்தான் கேட்பார்கள், எதை என்றால், அவள் புருஷன் இருக்காகளா இல்லையா என்பதை. முறுக்குப் போடும் வேலைக்கு வடக்கே போனவர், கொஞ்ச காலம் போன் பேசினார், பிறகு பேசவில்லை, கூடப் போனவர்கள் திரும்பி வந்து, ஒருநாள் காலையில் பையை எடுத்துக்கொண்டு வெளியே போனார் மதினி, டீ குடிக்கத்தான் போகிறார் என்று நினைத்தோம் என்றார்கள். அப்போது பாவாடையில் ஓடித் திரிந்த மகள் இந்துமதி இப்போது தென்காசியில் ஒரு ஜவுளிக்கடையில் நின்று பட்டுச்சேலை விரித்துக் காட்டுகிறாள். அவளுக்கு ஒரு இடம் வந்திருந்தது, கடையநல்லூர்ப் பையன், அவளுக்கும் பிடித்திருந்தது, பையனுக்கும் பிடித்திருந்தது. பையனைப் பெற்றவள் மட்டும் ஒன்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள். தகப்பன் இருந்தால் வந்து சபையில் உட்காரட்டும், இல்லையென்றால் இல்லை என்று சொல்லிவிடுங்கள், தாய்மாமனை வைத்துச் செய்துகொள்ளலாம், ஆனால் பெண்ணைப் பெற்றவள் முன்னால் வந்து நிச்சயத் தட்டைத் தொடக்கூடாது, நெற்றியில் பொட்டும் வைத்துக்கொண்டு ஆளும் எங்கே என்று தெரியாமல் இருந்தால் நாங்கள் எந்தக் கணக்கில் சேர்ப்பது என்றாள். நிச்சயதார்த்தத்துக்குள் ரெண்டில் ஒன்று தெரிந்தாகவேண்டும். இருக்கிறார் என்று சொல்ல பிரம்மசக்திக்கு ஆதாரமில்லை, இல்லை என்று சொல்ல மனசில்லை, அவள் அதை யோசித்து யோசித்தே களைத்துப்போயிருந்தாள்.

இப்படி இருக்கும்போதுதான் டீச்சர் ஒருநாள், பெயருக்குப் பதிலாக வருகிற சொற்களைப் பற்றி இன்றைக்குப் பார்ப்போம் என்றாள். முதலில் ஆளின் பெயரைச் சொல்லவேண்டும், அடுத்த தடவை பெயரை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஹீ போடவேண்டும், இவ்வளவுதான் விஷயம் என்று சொல்லி, ஜெபராஜ் ஈஸ் எ மெக்கானிக், ஹீ ஈஸ் எ மெக்கானிக் என்று தன் புருஷனையே இழுத்து உதாரணமும் காட்டினாள். எங்கே, எல்லாரும் உங்க உங்க வீட்டுக்காரரை வைத்துச் சொல்லுங்க பார்ப்போம் என்றதும் கூடத்தில் இலை வெட்டுகிற கத்தரிச் சத்தம்கூட நின்றுபோனது.

டீச்சர் மாதிரி சர்ச்சுக்குப் போகிற வேதக்காரர்கள் சொல்லலாம், அது அவர்கள் வழக்கம். செங்காட்டூரில் கட்டினவன் பெயரைப் பெண்டாட்டி வாயால் சொன்னால் அவன் ஆயுசில் ஒரு பிடி குறையும் என்பது பால்குடிக்கும் பிள்ளைக்கும் தெரியும். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த முப்பிடாதியின் புருஷன் பெயர் வெள்ளத்துரை, அதனால் ஆற்றில் வெள்ளம் வந்து தெருவுக்குள் ஏறின வருஷத்தில்கூட அவள், தண்ணி பெரிசா வருதுட்டி, தண்ணி பெரிசா வருது என்று கத்திக்கொண்டுதான் ஓடினாளே தவிர அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. பிரம்மசக்தியோ சங்கரன்கோவில் அம்மனையே பெயர் சொல்லிக் கும்பிட முடியாதவள், ஆடித்தவசு ஆத்தா என்றுதான் கும்பிடுவாள், புருஷன் பெயரில் பாதி அம்மன் பெயர். ரேஷன் கடையிலும் ஆஸ்பத்திரியிலும் பெயர் கேட்டால் பக்கத்தில் நிற்கிறவர்கள் சொல்லுவார்கள்.

ஆகையால் பொம்பளைகள் முதல் வரியை அப்படியே விழுங்கிவிட்டு நேரே ரெண்டாவது வரிக்குப் போனார்கள். ஹீ ஈஸ் எ டிரைவர். ஹீ ஈஸ் எ மேசன். ஒரு தப்பில்லை, ஒரு தடங்கலில்லை. பள்ளிக்கூடத்தில் வருஷம் முழுக்கச் சொல்லிக்கொடுத்தாலும் பிள்ளைகளுக்கு ஏறாதது இங்கே ஒரே மூச்சில் ஏறிவிட்டதைப் பார்த்து டீச்சருக்குச் சந்தோஷமாகக்கூட இல்லை, அப்பாடா என்றிருந்தது, முதல் வரி போனால் போகட்டும் என்று விட்டுவிட்டாள். கூடத்தில் ஆம்பளை யாரும் இல்லாததால், ஹீ என்று சொல்லும்போது கைகாட்டுவதற்கு ஒரு ஆள் வேண்டுமே என்று, மூலையில் கிடந்த சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து முன்னால் போட்டு, இதில் ஒரு ஆள் இருக்கிற மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள் என்றாள். அன்றைக்கும், அடுத்த நாளும், அதற்கடுத்த நாளும், அத்தனை பொம்பளைகளும் காலி நாற்காலியைப் பார்த்து, பெயர் சொல்லாமல், ஹீ ஈஸ் கமிங், ஹீ ஈஸ் கமிங் என்று பீடி சுற்றுகிற தாளத்தில் ராகம் போட்டுச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள்.

ஒரு சாயங்காலம் அவர் வந்து உட்கார்ந்திருந்தார்.

வெளுத்துப்போன கட்டம்போட்ட சட்டை, நாலு முழ வேட்டி, காலில் செருப்பில்லை, கல்யாண போட்டோவில் ஓரமாக நின்று யாருடைய சொந்தக்காரர் என்று யாருக்கும் தெரியாமல் போகிற ஆள் இருப்பாரே, அந்த மாதிரி முகம். முப்பிடாதி அவரைப் பார்த்துவிட்டு, டீச்சர் கூட்டிவந்த ஆளாக்கும் என்று நினைத்தாள், டீச்சர், இவர்களில் யாரோ வீட்டு ஆள் என்று நினைத்தாள், அன்றையப் பாடம் அப்படியே நடந்தது. ஹீ ஈஸ் டிரிங்கிங் டீ என்று எல்லாரும் சேர்ந்து சொன்னதும் அவர் கையை நீட்டினார், கையில் ஒன்றுமில்லை, அதனால் கடைக்கு ஆள் அனுப்பி ஒரு டீ வாங்கிவரவேண்டியதாயிற்று. வகுப்பு முடிந்து எல்லாரும் எழுந்து போனபோதும் அவர் அங்கேயே இருந்தார். அவரை யாரும் போகச் சொல்லவில்லை, ஹீ ஈஸ் கோயிங் என்பது அடுத்த பாடத்தில்தான் வருகிறது.

பெயர் கேட்டார்கள், அவர் பேசவில்லை. டீக்கடையில் ஆம்பளைகள் அவரை நாற்காலிக்காரர் என்றார்கள், பொம்பளைகள் அவுக என்றார்கள். அங்கேதான் வினை வந்தது, ஏனென்றால் செங்காட்டூரில் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு அவுக இருக்கிறார். அவுகளைக் கூப்பிடு, சிலிண்டர் வந்திருக்கு என்று முப்பிடாதி உள்ளேயிருந்து குரல் கொடுத்தால் வெள்ளத்துரை எழுந்திருக்கிறதுக்குள் நாற்காலிக்காரர் வாசலில் வந்து நிற்பார், சிலிண்டரைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டு, அடுத்த தெருவில் இன்னொருத்தி, அவுக எங்கே போய்த் தொலைஞ்சாக என்று கேட்டதும் அங்கே போவார். ஒன்றிரண்டு நாள் ஆம்பளைகளுக்குக் கோபம் வந்தது, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கூடத்துக்குக்கூட வந்தார்கள், வந்து பார்த்தால் அந்த ஆள் யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் உட்கார்ந்திருக்கிறார், அடிக்கவும் தோன்றவில்லை. அப்புறம் மெதுவாக அவர்களுக்கு விளங்கியது, இது கோபப்படுகிற காரியமில்லை, சௌகரியம். ரேஷன் வரிசையில் அவர் நின்றார், பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டத்துக்கு அவர் போனார், வெளியூரில் சாவு விழுந்தால் அந்தக் கேதத்துக்கெல்லாம் அவர் போய்த் துண்டை வாயில் பொத்திக்கொண்டு நின்றுவிட்டு வந்தார், சொந்த ஆம்பளைகள் பம்புசெட்டு நிழலில் சீட்டு விளையாடினார்கள்.

டீக்கடையில் மட்டும் கொஞ்சம் சிக்கலானது. இவர் எந்த ஆளுக என்று தெரியாமல் எந்த டம்ளரில் கொடுப்பது என்று கடைக்காரருக்கு யோசனை வந்துவிட்டது. வாய்விட்டுக் கேட்டால் கேஸாகிப்போகும், கேட்காமல் கொடுத்தால் வாடிக்கை போய்விடும், நல்ல மனுஷன், ராவும் பகலும் மண்டையை உடைத்துக்கொண்டு கடைசியில் எல்லாருக்குமே பேப்பர் கப் என்று போட்டுவிட்டார். பல வருஷமாகக் கூட்டம் போட்டும் மனு கொடுத்தும் நடக்காத காரியம் இப்படி நடந்தது, அதற்கு யாருக்கு நன்றி சொல்வது என்று தெரியாமல் ஒருத்தரும் சொல்லவில்லை. கோயில் பூசாரியும் சர்ச் பாதிரியாரும், இது மற்றவர் பக்கத்து விவகாரம் என்று பேசாமல் இருந்துவிட்டார்கள்.

ஊரில் அவரைக் கூப்பிடாதவள் பிரம்மசக்தி ஒருத்திதான். அவள் வீட்டில் அவுக என்கிற சொல்லே புழங்கிப் பல காலம் ஆயிற்று. அதனால்தானோ என்னவோ, அவர் இளைத்துக்கொண்டே வருவது அவள் கண்ணில் மட்டும் பட்டது. மத்தியானம் கூடத்தில் ஒருத்தரும் இல்லாத நேரத்தில் இலை நனைக்கத் தண்ணீர் பிடிக்க வந்தவள் ஒருநாள் ஒரு செம்பு தண்ணீரை அவரிடம் நீட்டினாள், வாங்கி அண்ணாந்து குடித்தார், காலைப் பார்த்தாள், குதிகால் ரெண்டும் வெடித்துக் கிடந்தது. அவள் சற்றுத் தள்ளித் தரையில் உட்கார்ந்து தன் காலையும் நீட்டிக்கொண்டாள். ரெண்டு பேரும் ஃபேன் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆம்பளை ஒருத்தர் பக்கத்தில் இருக்க, அவருக்காக ஒன்றும் செய்யாமல் சும்மா உட்கார்ந்திருப்பது எவ்வளவு ஆறுதலாக இருக்கிறது என்று நினைத்தாள், நினைத்ததும் அவளுக்கு அழுகை வந்தது, அழுவதற்கும் அசதியாக இருந்ததால் எழுந்து போய்விட்டாள்.

அதை யார் பார்த்தார்களோ, மறுநாளே முப்பிடாதிக்கு யோசனை வந்துவிட்டது. ஊருக்குப் பொதுவாகக் கிடக்கிற ஆளை ஒரு வீட்டுக்கு ஆக்கிவிட்டால் என்ன, பிரம்மசக்திக்கும் ஆள் இல்லை, நிச்சயதார்த்தத்துக்கும் ஆள் வேண்டும், வயசும் பொருத்தமாகத்தான் இருக்கிறது. இதை டீச்சரிடம் கேட்டபோது அவள், தப்பு என்னுடையதுதான், முதல் வரியைச் சொல்லாமல் ரெண்டாவது வரிக்குப் போக நான் விட்டிருக்கக்கூடாது, முன்னால் பெயர் இருந்திருந்தால் அவர் அந்தப் பெயருக்கு உரியவராக வந்திருப்பார் என்றாள். இப்போது சொன்னாலும் போதுமா என்று முப்பிடாதி கேட்டாள். போதும் என்றுதான் நினைக்கிறேன், ஆனால் உரிமைப்பட்டவள் வாயால் சொல்லவேண்டும் என்றாள் டீச்சர். அப்படியானால் வேறு யாருக்காவது வேண்டுமா என்று முறைக்கு ஒரு பேச்சுக் கேட்டுப் பார்த்தார்கள், இருக்கிற ஒண்ணே போதும் தாயே என்று எல்லாரும் ஒதுங்கிக்கொண்டார்கள்.

ஊரே சேர்ந்து முடிவு பண்ணியாயிற்று. அவள் அந்தப் பெயரைச் சொல்லி நாற்காலிக்காரரைக் கூப்பிடவேண்டியது, அவர் அந்த ஆளாகிவிடுவார், கடையநல்லூர்க்காரர்களுக்கு அதற்குமேல் ஒன்றும் தெரியவேண்டியதில்லை. இந்துமதியிடம் பிரம்மசக்தியே கேட்டாள். உனக்குச் சம்மதமாட்டி என்று கேட்டதற்கு, எனக்கு அப்பா முகம் ஞாபகம் இல்லம்மா, யாரு இருந்தாலும் எனக்கு ஒண்ணுதான், நீ என்ன செய்யணுமோ செய் என்றாள். அந்தப் பதிலைத்தான் பிரம்மசக்தியால் தாங்க முடியவில்லை.

ஒரு வார்த்தைதானே என்று ஊர் சொன்னது. அவளுக்கும் ஆசை இல்லாமல் இல்லை, பொய் சொல்வானேன். ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டால் மகளுக்கு அப்பா, தனக்கு ஓர் ஆள், எங்கே போனாலும் யார் கேட்டாலும் வீட்டில் இருக்காக என்று சொல்லிவிட்டு நிம்மதியாகப் படுக்கலாம். ஆனால் பெயரை இவர் எடுத்துக்கொண்டால் அங்கே அந்த மனுஷன் என்ன ஆவார்? எந்த ஊர் ரயிலடியிலோ, எந்த ஆஸ்பத்திரி வராந்தாவிலோ கிடந்தால், யாராவது தட்டி எழுப்பிப் பெயர் என்ன என்று கேட்டால், சொல்வதற்கு வாயில் ஒன்றும் இல்லாமல் முழிப்பாரே. அவரிடம் மிச்சம் இருப்பது அது ஒன்றுதான் என்றால் அதையும் பிடுங்கி இன்னொருத்தருக்குக் கொடுப்பதா? உயிரோடு இருக்கிற ஆளை அழிக்கிற காரியம் இல்லையா அது? இப்படி நினைப்பாள், நினைத்து முடித்ததும், டீ குடிக்கப் போகிற ஆள் மாதிரிப் பையை எடுத்துக்கொண்டு போன மனுஷனுக்காக நான் ஏன் இவ்வளவு யோசிக்கவேண்டும் என்று ஆத்திரம் வரும், ஆத்திரம் வந்த வேகத்திலேயே அடங்கியும் போகும்.

நிச்சயதார்த்தத்தன்று காலையிலேயே கடையநல்லூர்க்காரர்கள் வேனில் வந்து இறங்கிவிட்டார்கள். கூடத்தில் ஜமுக்காளம் விரித்து, பூவும் பழமும் தேங்காயும் வெற்றிலையும் வைத்த தட்டுகளை வரிசையாக அடுக்கி, பெண் வீட்டுக்காரர் உட்காரவேண்டிய இடத்தில் சிவப்பு நாற்காலியைப் போட்டு, நாற்காலிக்காரருக்கு முப்பிடாதி புருஷனுடைய புது வேட்டியைக் கட்டி, தலையில் எண்ணெய் வைத்துச் சீவி உட்கார வைத்திருந்தார்கள். அவர் கையை முழங்காலில் வைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல், கூப்பிடுவார்கள், போகவேண்டும் என்று காத்திருக்கிற ஆளாக உட்கார்ந்திருந்தார். பையனைப் பெற்றவள் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, இவுகதான் பொண்ணுக்குத் தகப்பனாரா என்று கேட்டாள். எல்லாரும் பிரம்மசக்தியைப் பார்த்தார்கள்.

அவள் சுவரோரமாக நின்றுகொண்டிருந்தாள். காலையிலிருந்து நின்றுகொண்டுதான் இருந்தாள். ஜெபசீலி டீச்சர் வாசல் பக்கமாக வந்து நின்று, பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு வந்தவள், அவளையே பார்த்தாள். முப்பிடாதி, சொல்லுட்டி, ஒரு வார்த்தை என்று காதுக்குள் சொன்னாள். பிரம்மசக்தி ரெண்டு எட்டு முன்னால் வந்தாள், நாற்காலிக்காரரைப் பார்த்தாள், அவர் குதிகால் புது வேட்டிக்குக் கீழே வெடித்துத் தெரிந்தது. பிறகு அவருக்கு முதுகைக் காட்டித் திரும்பினாள், பஸ் வந்து நிற்கிற ரோட்டைப் பார்த்த பக்கமாக வாசலைப் பார்த்து நின்றாள். தொண்டையைச் செருமினாள். இத்தனை காலமும் நாக்கில் ஏறாத பெயர் ரெண்டு தடவை வழுக்கிப்போய் மூன்றாவதாக வந்தது.

“கோமதிநாயகம்” என்றாள். “இனிமே நீ வரவேண்டாம். உன்னைக் காத்துக் காத்து எனக்கு முடியல.”

கூடத்தில் இருந்த பொம்பளைகள் எல்லாரும் ஒரே சமயத்தில் தாலியைத் தொட்டுக்கொண்டார்கள். பெயரைச் சொன்னதுகூடப் பரவாயில்லை, நீ என்று சொல்லிவிட்டாளே. வெளியே இடி இடிக்கவில்லை, ரோட்டில் ஒரு மினிபஸ் நின்று ஆளை இறக்கிவிட்டுப் போனது, இறங்கினவர்களில் அவர் இல்லை. பிரம்மசக்தி அழுதாள், சத்தமில்லாமல், முந்தானையை எடுக்கக்கூடத் தோன்றாமல், அந்த அழுகை பல வருஷத்து அழுகை, அதை நிறுத்த யாரும் பக்கத்தில் போகவில்லை.

அப்போது பின்னால் நாற்காலி கிரீச்சென்று நகர்ந்தது. யாரும் கூப்பிடவில்லை, யாருக்கும் அங்கே சிலிண்டர் வரவில்லை, ஹீ என்றும் அவுக என்றும் ஒருத்தர் வாயும் திறக்கவில்லை, இருந்தும் அவர் எழுந்துவிட்டார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்து நின்று, வேட்டியைச் சரிசெய்து, நாற்காலியைக் கொஞ்சம் அவள் பக்கமாகத் தள்ளி வைத்தார். அவள் திரும்பிப் பார்த்தாள். அவர் நாற்காலியைக் காட்டினார். இந்த ஊருக்கு வந்ததிலிருந்து அவராகச் செய்த காரியம் அது ஒன்றுதான்.

பிரம்மசக்தி உட்கார்ந்தாள். கால் அவ்வளவு வலித்தது.

பையனைப் பெற்றவளுக்கு ஒன்றும் பிடிபடவில்லை, இருந்தாலும் வந்த காரியத்தை விடாதவள். “மதினி, நான் கேட்டதுக்கு இன்னும் பதில் வரல. அவுக இருக்காகளா, இல்லையா?”

“தெரியாது மதினி” என்றாள் பிரம்மசக்தி. முகத்தைத் துடைத்துக்கொண்டு ரெண்டு கையையும் நீட்டினாள். “நான் இருக்கேன். தட்டை இங்க குடுங்க.”

பையனைப் பெற்றவள் நீட்டின கையைப் பார்த்தாள். இலை வெட்டி வெட்டிக் காய்த்துப்போன விரல்கள், அவை பின்வாங்கவில்லை. கூட வந்த கிழவர்கள் ஏதோ சொல்ல வாயெடுத்தார்கள். அவள் அவர்கள் பக்கம் திரும்பாமல் குனிந்து தட்டை எடுத்தாள், கனமாக இருந்தது, பத்திரம் மதினி, தேங்காய் உருளும் என்று சொல்லிக் கொடுத்தாள்.